கேட் போட்டிருக்கு

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் எப்போது திறக்கும்
என்று சொல்வது என் தொழில்.
சிரிக்காதீர்கள்.
நெல் மூட்டை ஏற்றிய வேகன்களை
முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்து
எஞ்சின் ஊரை இரண்டாக நறுக்கும்போது
மன்னார்குடி பஸ்ஸும் தஞ்சாவூர் பஸ்ஸும்
எதிரெதிரே முறைத்துக்கொண்டு நிற்கும்.
நிற்கிறவர்கள் போனை எடுப்பார்கள்.
போனில் நான் இருப்பேன்:
'கேட் போட்டிருக்கு. இன்னும் இருபது நிமிஷம்.'
கீழே ஒரு விளம்பரம்,
முழங்கால் தைலமோ, தவணையில் டிராக்டரோ.
கைதவறி யாராவது தொட்டால்
எனக்கு மூன்று ரூபாய்.

முதல் வருஷம்
அந்த மூன்று ரூபாய்கள் வாடகை கட்டின,
தம்பிக்கு பாலிடெக்னிக் ஃபீஸ் கட்டின,
அடகுக் கடையிலிருந்து
ஒரு ஜோடித் தோட்டைக் கூட்டிவந்தன.

அப்புறம் கூத்தாநல்லூர் மகாதீர் வந்தான்.
அவன் கேமரா வைத்தான்.
வலங்கைமான் அக்கா தங்கை இருவர்
கேட்டோடு ராசிபலனும் போட்டார்கள்.
பிறகு முகமில்லாத பதினாறு பக்கங்கள்,
என் வரிகளை
என் எழுத்துப்பிழையோடு தூக்கிக்கொண்டு.
மூன்று ரூபாய் ஒன்றரை ஆனது.
ஒன்றரை, நாற்பது பைசா.
கேட் மட்டும் அதே கேட்.

குணவதியிடம் கேட்டேன்,
ஜன்னல் ஜன்னலாக வெள்ளரிப்பிஞ்சு நீட்டுகிறவள்.
"மொதல்ல நான் ஒருத்திதான்.
இப்ப பதினோரு பேரு.
பஸ்ஸு நீளமாவலயே,
வயித்துக்குப் பக்கத்துல இன்னொரு வயிறா மொளைக்குது?"
அப்புறம் எப்படி ஓட்டுகிறாய்?
"மூணாவது ஜன்னல்ல ஒரு வாத்தியார் வருவாரு.
உப்பு கம்மி, மொளகாத்தூள் தனியா.
என் குரலு கேட்டாத்தான் கண்ணாடிய ஏத்துவாரு."
கூடையைத் தலைக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்,
"அவரும் கார் வாங்கப்போறாராம்."

விளம்பரம் கொடுக்கிறவர்களும் பெருகுகிறார்கள்,
பயப்படாதே என்கிறான் மகாதீர்.
திருவாரூர் ஜவுளிக்கடை வந்துவிட்டது,
பட்டுக்கோட்டை பல் டாக்டர் வந்துவிட்டார்.
இருக்கலாம்.
தண்ணீர் கூடுதலாக வரும் வருஷத்தில்தான்
தரிசாய்க் கிடந்த இடத்திலும்
நாற்றோடு ஆள் இறங்குகிறது.

ஒரு சாயங்காலம் மூணாறு தலைப்புக்குப் போனேன்.
வெண்ணாறு அங்கே மூன்றாகப் போகிறது.
லஸ்கர் வைரக்கண்ணு ஷட்டரில் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார்.
யாருக்கு எவ்வளவு என்று நீங்களா முடிவு செய்வீர்கள்?
"நோட்டுல எழுதியிருக்கும்மா. எழுதினதுக்கு ஒரு அங்குலம் கொறைஞ்சா
கடைமடையிலேருந்து பைக்ல வந்து
என் சட்டையப் பிடிப்பான்."
அவர் சட்டையைப் பார்த்தேன்.
காக்கி. இரண்டாவது பொத்தான் இல்லை.

என் ஷட்டரை இறக்குகிறவருக்குச் சட்டை இல்லை.
எந்த ஊரில் இருக்கிறார், தெரியாது.
மாதம் ஒரு மெயில் வரும்:
'உங்கள் வருமானத்தைப் பெருக்க ஐந்து வழிகள்.'
அதே மெயில்
வலங்கைமானுக்கும் போயிருக்கிறது.

இப்போது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்
பாலத்துக்குத் தூண் எழும்புகிறது.
பதினோரு கூடைக்காரிகளும்
இடம் பிடிக்கிற சண்டையை நிறுத்தி
அண்ணாந்து பார்க்கிறார்கள்.
போனிலும் ஒரு பாலம் வந்துவிட்டது:
கேட் என்று கேட்டாலே
எங்கள் பத்தொன்பது பக்கத்திலிருந்தும் கிள்ளியெடுத்து
மேலேயே பதில் சொல்லிவிடுகிறது.
கீழே இறங்கி வர
யாருக்கும் அவசியமில்லை.

மகாதீரைக் கூப்பிட்டேன்,
பகையாளியிடம் முதல் தடவையாக.
"உனக்கு எவ்வளவு?"
"நீ சொல்லு."
இருவரும் சொல்லவில்லை.
அவன் பக்கம் பாங்கு கேட்டது,
என் பக்கம் எஞ்சின் ஊதியது.
"போட்டுட்டான்," என்றான், "எழுதணும்."

ஆறு நாற்பது.
குணவதி ஓடுகிறாள், மூணாவது ஜன்னலுக்கு.
நான் எழுதுகிறேன்: கேட் போட்டிருக்கு.
எங்கேயோ ஒரு கட்டைவிரல்
கைதவறி டிராக்டரைத் தொடுகிறது.

பதினெட்டு பைசா.