பதினோராம் நாள்

டப்பாவின் மேல் இருநூறு இழுப்பு என்று எழுதியிருக்கும்.
பெஞ்சலையாவுக்கு அது பதினோரு நாள்.
எண்ணூர் சாலை வரிசையில் டிரெய்லரை நிறுத்தி
கிளீனர் பையனை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து
திருவொற்றியூர்ச் சந்துகள் வழியே
நடந்து வருவான் என் மருந்துக்கடைக்கு.
"நீலம் ஒண்ணு."
மீன் வாங்குகிற குரல்,
பேரம் மட்டும் கிடையாது.

மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பினால்
தெருவில் யாருக்கும் முன்னால்
அவன் நெஞ்சுக்குத் தெரியும்.

ஒருநாள் பில் போடும்போது வகுத்துப் பார்த்தேன்.
தினம் பதினெட்டு.
"முன்ன மாரி புடிக்கல மேடம்,
கம்பெனிக்காரன் ஏமாத்துறான்."

கம்பெனி ஏமாற்றவில்லை.
மூச்சுக்குழாயைச் சுற்றி வளையமாய் ஒரு தசை.
அதன் மேல்தோலெங்கும் ஏற்பிகள்.
நீல மருந்து வந்து தொட்டால் தசை இளகும்.
தொட்டுக்கொண்டே இருந்தால்
ஏற்பி முதலில் காது கேளாததுபோல் இருக்கும்,
பிறகு தசைக்குள்ளேயே முங்கிவிடும்,
பிறகு எண்ணிக்கையே குறையும்.
தினமும் கைமாத்து கேட்டு வருகிறவனுக்கு
எந்த வீடு எத்தனை தரம் திறக்கும்?

"ஹார்பர் கேட்டு மாரி சொல்லு.
உள்ள வுடமாட்டான், நாம க்யூல."
"இல்லைங்க. கேட்டையே கழட்டி
உள்ள எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க."
சிரித்தான்.
சிரிப்பு இருமலாகி, இருமல் விசிலாகி,
ஸ்டூலை நகர்த்திப் போட்டேன்.

லைசென்ஸுக்குப் பின்னால் நாலாய் மடித்து
ஒரு ஸ்டான்லி சீட்டு வைத்திருந்தான்.
பழுப்பு இன்ஹேலர். எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி.
"வாங்கினேன். இஸ்தா ஒண்ணுமே தெர்ல,
சும்மா காத்து.
அப்பறம் ஸ்டீராய்டுன்னாங்க,
ஒடம்பு ஊதிக்கும்னான் மச்சான்."

ஒன்றுமே தெரியாதுதான்.
பழுப்பு எந்தக் கேட்டிலும் நிற்பதில்லை.
செல்லின் சுவரில் கரைந்து உள்ளே போகும்.
உள்நீரில் அதற்கென்றே ஒருவன் காத்திருப்பான்,
அவனும் ஓர் ஏற்பி.
இருவரும் சேர்ந்து உட்கரு வரை போய்
பழைய பேரேட்டில் ஒரே ஒரு வரியைத் தேடி
அங்கேயே நிற்பார்கள், படிக்கப்படும் வரை.
அந்த வரியிலிருந்துதான் நீலத்துக்கான
புது ஏற்பிகள் வரும்.
மணிக்கணக்காகும். வீக்கம் வடிய
நாட்கணக்காகும், வாரமும் ஆகலாம்.
நாக்கில் ருசியாய் எதுவும் தெரியாது.

இதையெல்லாம் நான் சொல்லவில்லை.
கவுன்டரில் நாலு பேர்,
ஒருத்தி கைக்குழந்தையோடு.
காலையில் ரெண்டு, ராத்திரி ரெண்டு, விடக்கூடாது.
நீலம் திணறினால் மட்டும்.
ஊதாது, இது மாத்திரை அளவு இல்லை.
இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பணும்,
இல்லாட்டி நாக்கில் வெள்ளை படியும்.
கடைசியை மட்டும் திருப்பிச் சொன்னான்:
"துப்பணுமா? அது நமக்கு நல்லா வரும்."

பதினோராம் நாள் வரவில்லை.
பதிமூன்றாம் நாளும்.
இந்த வியாபாரத்தில்
வராதவன் குணமாகியிருக்கலாம்,
வேறு கடைக்குப் போயிருக்கலாம்,
மூன்றாவதும் ஒன்று உண்டு.
ஸ்டாக் நோட்டு மூன்றையும்
ஒரே மாதிரிதான் எழுதும்: நீலம், மீதி ஆறு.

இருபத்து மூன்றாம் நாள் ராத்திரி
கடையடைத்து ஸ்கூட்டரில் போகிறேன்.
ஒரு பக்கம் கருங்கல், கடல்;
ஒரு பக்கம் அசையாத கன்டெய்னர்கள்.
ஒரு கேபின் ஜன்னலிலிருந்து
தண்ணீர் வந்து விழுந்தது
என் மட்கார்டிலும் கொஞ்சம் செருப்பிலும்.
பின்னால் வந்த பைக்காரர்
அவன் அம்மாவை இழுத்துத் திட்டினார்.

நான் நிறுத்தவில்லை, கூப்பிடவுமில்லை.
பின்னால் மறுபடி கொப்பளிக்கிற சத்தம்.
அண்ணாந்து, தொண்டையில் தண்ணீர் புரள,
ஒரே மூச்சில்,
அடுத்த ரெண்டு லாரி தாண்டும் வரை
கேட்டுக்கொண்டே வந்தது.