ஏணி உச்சியில்

ஹாகனில் செப்டம்பர் கடைசி ஞாயிறு.
மழை விட்டும் விடாமலும்.
பேஸ்பால் பருவம் முடிந்தது.
ஹோம் ரன் பட்டியலின் முதல் வரியை
மையால் எழுதிக் கையொப்பமும் வைத்தேன்:
பாடர்போர்ன் அணியின் ரேயெஸ், பன்னிரண்டு.
அடுத்த வரியில்
எங்கள் டோர்பென், பதினொன்று.
கோப்பை ரேயெஸின் காரில் போய்விட்டது
ஈரக் காலுறைகளோடு.

அப்போதுதான் வந்தாள்
வேலிக்கு அப்பால் கோஸ் போடும் பவ்லாக்,
கையில் நீல வாளி.
"உங்கள் பையன் அடித்த பந்துகள்.
ஒவ்வொன்றிலும் தேதி எழுதியிருக்கிறேன்,
காப்பீட்டுக்காரனுக்கு."

மே பதினேழு: கண்ணாடிக் கூரை.
ஜூன் ஏழு: கோஸ் இரண்டு.
ஜூலை பத்தொன்பது: என் கணவர், லேசாக.

ஜூலை பத்தொன்பதா?
என் தாளில் அன்று டோர்பெனுக்கு
இரண்டு தளம்தான்.
பந்து உள்ளே குத்தி எழும்பித்தான்
வேலி தாண்டியது என்றார் நடுவர்.
எனக்குக் கண்ணுக்கு நேரே வெயில்.
அவர் காட்டிய இரண்டு விரலை
அப்படியே எழுதினேன்.

"குத்தி எழும்பி வந்த பந்தா அது?"
"ஏணி உச்சியில் செர்ரி பறித்துக்கொண்டிருந்தார்.
வானத்திலிருந்து வந்ததாகத்தான் சொல்கிறார்."

எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.
பன்னிரண்டு.

மை காய்ந்துவிட்டது.
மைதானத்தில் டோர்பென்
தார்ப்பாயை மடிக்க முடியாமல்
அதன்மேல் உட்கார்ந்திருந்தான்.
போய்ச் சொன்னேன்.

பந்தை வாங்கித் திருப்பிப் பார்த்தான்.
தையலோரம் செர்ரிக் கறை.

"அந்த மனிதருக்கு
ரொம்ப வலித்ததாமா?"