பதினேழாம் எண் இடம்

ஆறு மாதம் முன்பே பதிவுசெய்த இடம்.
அதற்குள் விவாகரத்தே ஆகிவிட்டது.
ரத்து செய்ய இருவரும் மறந்தார்கள்,
அல்லது மறக்கவில்லை.

வெள்ளி சாயங்காலம் மார்லிஸின் வண்டி.
அரைமணியில், புழுதியோடு, டுவெய்னுடையது.
பதிவேட்டைப் புரட்டினேன்:
ஓர் இடத்துக்கு இரண்டு வண்டி செல்லும்.
விதியில் பிழையில்லை.

பாகம் பிரித்ததில்
கூடாரத் துணி அவனுக்கு,
கம்பிகள் அவளுக்கு.
இரண்டும் வந்திருந்தன.

பொரேகோ மலையிலிருந்து காற்று இறங்கியது.
ஒகோட்டியோ முட்கள் ஒன்றையொன்று கீறின.
ஆளுக்கொரு முனை பிடித்தார்கள்.
கல்தரை; முளை இறங்கவில்லை.
“உன் பக்கம் இழு” என்றாள்.
இழுத்தான்.

படுத்தது அவரவர் வண்டியில்.
நடுவே காலிக் கூடாரம்
இரவெல்லாம் மூச்சு வாங்கியது.

காலையில் குப்பைப்பை மாற்றப் போனேன்.
வாசல் மணலில் கொயோட்டின் காலடிகள்.
உள்ளே போனவை மட்டும்.