ஒன்பது நாற்பது முதல் பத்து ஐந்து வரை

"வீட்டிலேயே செய்து சாப்பிடுங்கள்" என்றார்
கிளினிக்கில் அந்த எகிப்துக்கார அம்மா.
வீடு என்று அவர் சொன்னது
ரூவியில் மூன்றாம் மாடி, இரண்டாம் அறை,
ஜன்னலோர மேல்கட்டில்.

அடுக்களை எனக்கு
இரவு ஒன்பது நாற்பதிலிருந்து பத்து ஐந்து வரை.
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய அட்டவணையில்
என் பேருக்கு மேலே குஞ்ஞுமோன், கீழே நைனா.
குஞ்ஞுமோன் மத்தி வறுத்த புகைக்குள்
சட்டையைக் கழற்றிவிட்டு நுழைகிறேன்.
ஊர் முழுக்க ஏசி மாட்டுகிறவன் நான்.
இங்கே ஒரு ஃபேன்கூட இல்லை.

புர்குல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை,
அவித்துக் காயவைத்து உடைத்த கோதுமை.
பார்த்தால் ரவைக்கு அண்ணன்.
ஒரு கப்புக்கு ஒன்றரைக் கப் கொதிநீர்,
மேலே தட்டுப் போட்டு மூடிப்
பதினைந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும்.
கிண்டக் கூடாது.
அதுதான் கஷ்டம்.
உப்புமாவுக்குப் பழகிய கை
கரண்டியைத் தேடிக்கொண்டே இருக்கிறது.

கையை மாதுளைக்குத் திருப்பினேன்.
ஏமன் மாதுளை என்றான் கடைக்காரன்.
எமன் என்று விழுந்தது காதில்.
இப்போதெல்லாம் அப்படித்தான் விழுகிறது.
பாதியாக வெட்டிக் கவிழ்த்து
முதுகில் கரண்டிக் காம்பால் நாலு தட்டு,
ஓடாத கம்ப்ரசரைத் தட்டுகிற அதே தட்டு.
பொலபொலவென்று உதிர்கிறது,
இரண்டு முத்து அடுப்புக்கடியில் ஓடிவிட்டது.

வெள்ளரிக்காய் பொடியாக.
பச்சை ஆப்பிள் தோலோடு,
கறுக்காமலிருக்க எலுமிச்சை.
டின் கடலையை மூன்று தண்ணீர் அலசி,
ஒரு பிடி புதினா, நாலு பாதாம்,
ஆலிவ் எண்ணெய் ஒரே ஒரு ஸ்பூன்.
பேரீச்சை?
கூடாது என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்.
மஸ்கட்டில் இருந்துகொண்டு பேரீச்சை தொடாதே என்பது
தூத்துக்குடியில் நின்றுகொண்டு
உப்புக்காற்றுப் படாதே என்பது மாதிரி.
அரைப் பழம் நறுக்கிப் போட்டேன்.
மீதி அரைப் பழத்தை
எங்கே வைப்பது? ஃப்ரிட்ஜில் என் தட்டு நிறைந்திருந்தது.
வாயில் வைத்தேன்.

"என்ன சூசை, கிளி வளக்குறியா?"
நைனா எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

எண்ணெய் டின்னில் சாய்த்துவைத்த போனில்
புஷ்பலீலா வந்தாள்.
அங்கே மணி பதினொன்றரை,
எட்டாம் வகுப்புக் கணக்குத்தாள் கட்டு மடியில்.
"அது என்ன, ரங்கோலிப் பொடி மாதிரி?"
"சாலட்."
"நீங்களா?"
"பழம் மலிவா கிடந்துச்சு, சும்மா ஒரு மாத்தத்துக்கு."
சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.
"எவ்வளவு?"
"ரெண்டு மாதுளை எண்ணூறு பைசா.
ஆப்பிள்தான் கொஞ்சம்..."
"நான் விலை கேக்கல."

தட்டைத் தூக்கினேன்.
ஆவி போன் திரையில் படிந்து
அவள் முகம் கொஞ்ச நேரம் இல்லை.
ஒன்றோடொன்று ஒட்டாமல்
நன்றாகத்தான் வெந்திருந்தது.

"இருநூத்தி அறுபத்தெட்டு."
"சாப்பிடுறதுக்கு முன்னயா, பின்னயா?"
"முன்ன."
"எப்பப் பாத்தது?"
"மாத்திரை ஆரம்பிச்சு எட்டு நாள் ஆச்சு."
திட்டுவாள் என்று
பழத்தையும் கோதுமையையும் சேர்த்துக்
கிளறிக்கொண்டே இருந்தேன், தேவைக்கு மேலே.

"சாப்பிடுங்க. நான் பாக்குறேன்."
நின்றபடியே சாப்பிட்டேன்.
கோதுமை மெத்தென்று, மாதுளை பட்டென்று,
உப்பு மட்டும் ஒரு கல் குறைவு.
"மெதுவா மெல்லுங்க" என்றாள்,
விடைத்தாள் ஒன்றையும் தொடாமல்.

மணி பத்து பத்து.
முட்டைத் தட்டோடு நைனா
கதவில் சாய்ந்து நின்றிருந்தான்.
அவன் நேரம் போய்க்கொண்டிருந்தது,
ஒன்றும் சொல்லவில்லை.

கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டினேன், காலி.
"வேற ஏதாவது மறைக்கிறீங்களா?"
இல்லை என்றேன்.

பேரீச்சை அரைதானே.