கிணறு இலக்கம் ஏழு

விடிய நாலரைக்கு விசில்.
ஐந்துக்கு மைதானம், இடது வலது இடது.
ஏழரைக்கு, வெள்ளைச் சட்டை கசங்காமல்,
மலத்தைப் பற்றி விரிவுரை.

லெப்டினன் கமாண்டர் பெத்தகம
பலகையில் குழாய் வரைகிறார்.
முந்நூறு பேர் சாப்பிட்டது,
முந்நூறு பேர் குளித்தது,
எங்கே போகிறது?
"கடலுக்கு, சேர்."
"எந்தக் கடலுக்கு?"
யன்னலுக்கு வெளியே
உட்துறைமுகம் மினுங்கிக்கொண்டிருந்தது,
விடை தெரிந்தும் கை உயர்த்தாத பிள்ளைபோல.

வாப்பாவுக்குச் சொல்ல ஒரு மாதம் எடுத்தது.
கிண்ணியாவில் அவருடைய தோணிக்கு
நேவி என்றால் முகத்தில் டோர்ச் வெளிச்சம்,
அடையாள அட்டை, "வலையத் தூக்கு."
மகன் அங்கேயே போய்ச் சேர்ந்ததை
முள்ளோடு விழுங்கியிருந்தார்.
"என்ன மனே படிக்கிறாய்?"
"சுற்றாடல் பொறியியல்."
"அப்பிடியெண்டா?"
"கக்கூசுத் தண்ணிய நல்லதாக்குற வேல, வாப்பா."
தொலைபேசியில் கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
பிறகு,
"துவக்குத் தரல்லியா?"

தந்தார்கள். அதுவும் இருக்கிறது,
செவ்வாயும் வியாழனும்.

மற்ற நாட்களில் போத்தல்.
குமிழ் ஒன்றும் நுழையாமல் விளிம்புவரை நிரப்பு.
மூடு. இருபது பாகையில், இருட்டில்,
ஐந்து நாள் விடு.
உள்ளே கண்ணுக்குத் தெரியாதவை
தின்னும், பெருகும், மூச்சு வாங்கும்.
எவ்வளவு மூச்சு செலவானது என்று பிறகு எண்ணு.
ஆய்வுகூடக் கையேட்டின் ஓரத்தில்
முந்தைய அணியில் எவனோ
சிங்களத்தில், பென்சிலால்:
அழுக்கு என்றால்
அடுத்தவனின் மூச்சை எடுக்கிற அளவு.
கீழே ஒரு மீன் வரைந்திருந்தான். மோசமான மீன்.

கச்சான் கொளுத்திய கிழமை
குடாவுக்கு அக்கரையில் ஒரு முகாமுக்கு
மாதிரி எடுக்க அனுப்பினார்கள்.
பத்துக் கிணறு. பெயின்ரில் இலக்கம்.
ஏழாவதில் ஹெட்டிகொட வாளியை இறக்க
நான் கட்டில் கை ஊன்றினேன்.
பாசி வழுக்கி உரிந்தது.
உள்ளே, சீமெந்து ஈரமாயிருந்தபோது
விரலால் எழுதிய எழுத்து:
சி. கோணாமலை. சித்திரை 78.
பக்கத்தில் ஒரு கோழி
நடந்து போன தடம்.

"எழுபத்தெட்டு விளங்குது. மற்றது?"
"ஒரு ஆளின் பெயர்."
"செத்துட்டாரா?"
"அது எழுதல்ல."
ஹெட்டிகொட வாளியைப் பிடித்தபடியே
கோழித்தடத்தில் தன் மூன்று விரலை
வைத்துப் பார்த்தான். சரியாகப் பொருந்தவில்லை.

படிவத்தில் ஆழம் உண்டு, நிறம் உண்டு,
மணம், உவர், இரும்பு,
அருகிலுள்ள மலக்குழிக்குத் தூரம் உண்டு.
ஆள் கேட்கவில்லை படிவம்.
ஏன் கேட்க வேண்டும்?
தண்ணீரைப் பற்றித்தானே அது.

ஐந்தாம் நாள் மாவுக்கரைசல் விட்டோம்.
எங்கள் மெஸ்ஸின் போத்தல்
நிறமே மாறவில்லை;
மூச்சு ஒரு சொட்டும் மிச்சமில்லை.
போன திங்கள் கோழிக்கறி என்றான் ஹெட்டிகொட.
ஏழாம் இலக்கம்
கருநீலமாய் எழுந்து நின்றது.
துளி துளியாய் விட்டுக்கொண்டே இருந்தேன்,
போவதாய் இல்லை அந்த நீலம்.
வைத்தது ஆறு தசம் நாலு. இருந்தது ஆறு தசம் ஒன்று.
ஐந்து நாளில் யாருடைய மூச்சையும்
எடுக்காத தண்ணீர்.

"வேறு குறிப்புகள்" என்ற கட்டத்தில் எழுதினேன்:
கட்டில் பெயர் உண்டு, கோணாமலை, 1978.
பெத்தகம சேரின் சிவப்புப் பேனை
அந்த வரிக்கு மேலே நின்றது.
"இது அளவீடா?"
"அங்கே இருந்தது, சேர்."
பேனை இறங்கவில்லை. மூடியைத் தேடினார்.
"பெயரில் எழுத்துப் பிழை இருக்கக் கூடாது"
என்றார், அடுத்த தாளை எடுத்துக்கொண்டு.

இரவு வாப்பா எடுத்தார்.
"அந்தத் தண்ணி குடிக்கலாமா?"
"குடிக்கலாம்."
"ஆரு குடிக்கிற?"

இன்னும் மூன்று கிணறு பாக்கி.
நாளை எட்டாம் இலக்கம்.
பையில் ஆறு போத்தல், கயிறு, ஐஸ்.
ஹெட்டிகொட, கேட்காமலே,
சப்பாத்துப் பிரஷ் ஒன்றையும் வைத்திருக்கிறான்.