கேன்டீன் என்றொரு பலகை

எங்கள் கல்லூரியில் கேன்டீன் கிடையாது.
பலகை மட்டும் இருக்கிறது
சைக்கிள் ஷெட்டுக்கு மேலே,
மஞ்சளில் சிவப்பெழுத்து.
முதலாமாண்டுப் பிள்ளைகள் வந்து கேட்பார்கள்:
"எத்தன மணிக்குக்கா தொறப்பாங்க?"

போன வருஷம் ஆனியில்
படம் பிடிக்க வந்தவர்கள் மாட்டியது.
மேட்டூர் எப்போது திறக்கும் என்று
மன்னார்குடியே பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்த வாரம்.
பாமணியாற்றில் மணலும் ஆடுகளும்.
அவர்கள் லாரியில் மழை கொண்டுவந்தார்கள்.

விலங்கியல் இரண்டாமாண்டுக்கு
ஆளுக்கு ஐநூறு ரூபாய், ஒரு பிரியாணிப் பொட்டலம்.
வேலை, மாணவர்களாக இருப்பது.
துணை இயக்குநர் எங்களைச் சுற்றிவந்து பார்த்தார்.
"ஸ்டூடன்ட் மாதிரியே இல்லியேம்மா."
எண்ணெய் வைத்த தலைகள் பின்வரிசைக்குப் போயின.
சாப்பாட்டுப் பைகளை மேசைக்கடியில் தள்ளச் சொன்னார்.
லெனினை நிறுத்தி,
"தம்பி, நீ காலேஜ் பையனா, சேர் போட வந்தவனா?"
"ரெண்டுந்தான் சார்."
முகூர்த்த நாளில் பந்தல்காரரோடு போய்விடுவான்,
வருகைப் பதிவேட்டில் பார்த்தால்
நல்ல நாட்கள் எவையென்று தெரியும்.

கதாநாயகனுக்கு முப்பத்தெட்டு இருக்கும்.
ஒற்றைப் புத்தகத்தை விரலில் சுழற்றியபடி வகுப்புக்குள் வந்தார்.
எங்கள் நூலகத்துப் புத்தகம்,
சேதப்படுத்தினால் அபராதம் என்ற முத்திரையோடு.
பதினோரு டேக்.
நூலகர் ஜன்னலுக்கு வெளியே நின்று
பதினோரு முறை கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாவது பெஞ்ச் ஜன்னலோரம் ரோஸ்லின்,
அடுத்து நான்.
"திரும்பிப் பாத்து சிரிக்கணும்மா,
எதுக்குன்னு யோசிக்காம சிரிக்கணும்."
சிரித்தாள்.
அன்று காலை அவள் வீட்டு வாசலில்
குழுக்கடன்காரர் எத்தனை மணிவரை உட்கார்ந்திருந்தார் என்று
எனக்குத் தெரியும்.

நாலு பத்துக்கு எங்கள் பஸ்.
இன்னும் ஒரே ஷாட் என்றார்கள், விட்டோம்.
அடுத்தது ஆறே முக்கால்.
அதுவரை தாழ்வாரத்தில்
இரண்டு பேருக்கு மட்டும் பெய்த மழையைப் பார்த்தோம்.
வழிந்த தண்ணீரை வாட்ச்மேன்
வேப்பங்கன்றுக்குத் திருப்பிவிட்டார்.

தை மாதம் படம் வந்தது.
இரண்டே முக்கால் மணி நேரத்தில்
ஒருவர்கூட பஸ்ஸுக்கு ஓடவில்லை.
அரியர் ஒருவனுக்கு உண்டு, அது நகைச்சுவை.
கரப்பான்பூச்சியின் உணவுப்பாதையை
அழித்து அழித்து வரைந்து
ரெக்கார்டு நோட்டில் ஓட்டை விழுந்தவர் யாருமில்லை.
காதலிக்க அவர்களுக்கு நாளெல்லாம் இருந்தது.
எங்களிடமும் உண்டு,
செங்கல் சூளையில் ஏறி ரைஸ்மில்லில் இறங்கும்
பதினாலு நிமிடக் காதல்,
டீசல் தட்டுப்பட்டால் இருபது.

மொத்தமும் பொய் என்று தள்ளவும் மனசில்லை.
விலங்கியல் துறைக்குப் பின்னால்
அத்தனை பெரிய வாகை நிற்பதை
திரையில்தான் முதலில் பார்த்தேன்.

என் ஐநூறில் செருப்பு வாங்கினேன்.
ரோஸ்லின் தேர்வுக் கட்டணத்தோடு சேர்த்துக் கட்டினாள்.
நவம்பரில் அவள் எண்ணுக்கு நேரே
வரவில்லை என்று எழுதினார்கள்.
திருப்பூரில் பனியன் கம்பெனி, செக்கிங் பிரிவு.

ஒரு மணி ஏழாவது நிமிடத்தில்
மூன்று நொடி.
என் முழங்கை வருகிறது.
அவள் முழுசாக வருகிறாள்,
திரும்பி, பல் தெரிய.
லெனின் போனில் நிறுத்திப் படமெடுத்து அனுப்பினேன்.

இரவு இரண்டு மணிக்கு, ஷிப்ட் நடுவில், பதில் வந்தது:
"பிரியாணில ஒரு பீஸ்தான் இருந்துச்சுல்ல?"
கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று:
"எம் எடத்துல இப்ப யாரு?"

என் சாப்பாட்டுப் பை, என்று அனுப்பினேன்.