பதிமூன்று யூனிட்

மஞ்சக்குப்பம் வீட்டைக் காலி செய்து
முத்தியால்பேட்டைக்கு வந்து இரண்டு வருஷம்.
கரண்ட் பில் மட்டும்
இன்னும் என் போனுக்கே வருகிறது.
நம்பரை மாற்றச் சொன்னால்
'ஆகட்டும் சார்' என்பார் ஓனர் வில்வநாதன்.
அட்வான்ஸுக்கும் அதையேதான் சொன்னார்.

புதிதாக வந்தவர்களை நான் பார்த்ததில்லை.
சித்திரையில் இரண்டாயிரத்து நானூறு:
ஏசி வாங்கிவிட்டார்கள்.
ஐப்பசியிலும் குறையவில்லை.
மழையில் துணி காயாத வீடு அது.
ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி,
ஒருவேளை கைக்குழந்தை.

ஒவ்வொன்றையும் ஓனருக்கு அனுப்புவேன்.
ஒரு கட்டைவிரல் திரும்பி வரும்.

இந்தமுறை பதிமூன்று யூனிட்.
கட்ட வேண்டியது பூஜ்ஜியம்.

காலி வீட்டுக்கு ஏது பதிமூன்று?
சிலிண்டர் ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
ஒன்பது வாட் பல்பு,
அறுபது நாள், அணையாமல்.

குளியலறை சுவிட்ச்!
அமுங்கியது அமுங்கியபடியே நின்றுவிட்டது.
நாற்பது ரூபாய் சாமான்.
'குடியிருக்கிறவங்கதான் மாத்தணும்' என்றார்.
'சுவர் யாரோடது?' என்றேன்.
அதோடு சரி.
மூன்று வருஷம்
ஈரக்கையைத் துடைத்துத் துடைத்து
பல்பைத் திருகியே ஏற்றினோம், அணைத்தோம்.

அவர்களும் கேட்டிருப்பார்கள்.
அதே பதில்தான் கிடைத்திருக்கும்.
கடைசி நாள்
வாசலில் மினி லாரி ஹாரன் அடிக்க
திருக மறந்திருப்பார்கள்.

பூஜ்ஜியம்தானே,
இந்தமுறை ஓனருக்கு அனுப்பவில்லை.